அங்குலம் இருபத்தைந்து வெள்ளி

கோ பூன் செங்கின் மானத்துக்கு அன்றைய விலை அங்குலம் இருபத்தைந்து வெள்ளி. விலை சொன்னவன் பட்டறைக்காரன் சவரிராஜ். அவன் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். வெளியே தெரிந்தவை செருப்பில்லாத இரண்டு பாதங்கள்தாம். பூன் செங் அந்தப் பாதங்களோடுதான் பேரம் பேச வேண்டியிருந்தது.

"அங்குலக் கணக்கா? நீ வெல்டிங் வைக்கிறியா, பட்டுத்துணி விக்கிறியா?"

"சேஸ்ல விரிசல் தவுக்கே. ஒன்பது அங்குலம். கதவு ஏன் சாத்த மாட்டேங்குதுன்னு கேட்டீங்கள்ல, இதான். வண்டியோட முதுகெலும்பு ஒடியுது, கதவு பாவம் என்ன பண்ணும்?"

"நேத்து வரைக்கும் சாத்துச்சே."

"நேத்து வரைக்கும் ஒடியல."

பூன் செங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷமாக மலாய்நாட்டுத் தைப்பிங் சந்தையில் கருவாட்டுக்கடை வைத்திருக்கும் தவுக்கே அவர், முதலாளி. அவரிடம் விலை சொல்கிறவன் முகத்தையாவது காட்ட வேண்டாமா?

வேறு சமயமாக இருந்தால் ஜீப்பை அப்படியே ஓரங்கட்டிவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருப்பார். இந்தச் சமயம் அப்படி இல்லை. கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் அதை விற்கப் போகிறார். இருபதாம் தேதிக்குள் முப்பதாயிரம் வெள்ளி முன்பணம் கட்டினால் கடை பூன் செங்குக்கு. கட்டாவிட்டால் பக்கத்து ஆணிக்கடைக்காரன் லோவுக்கு. லோ இப்போதே காலையில் வந்து பூன் செங்கின் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான், இடித்தால் எத்தனை நாளாகும் என்று.

அந்த முப்பதாயிரம் இந்த ஜீப்பிலிருந்துதான் வர வேண்டும். நாற்பது வயது ஜீப். அதில் பாதி வருஷம் தைப்பிங் மழையில் நனைந்தது, மீதிப் பாதி கருவாட்டு உப்பில் ஊறியது. அதற்கு முப்பதாயிரம் தர ஆள் வந்திருக்கிறது என்றால் சந்தையில் ஒருவரும் நம்பவில்லை.

ஆள் வந்தது உண்மை. குவாலா கங்சாரில் மணல் வியாபாரத்தில் கொழுத்து, டத்தோ பட்டமும் வாங்கிய பெரியமனிதர் ஒருவரின் டிரைவர், ரம்லான் என்று பெயர், போன வாரம் கருவாடு வாங்க வந்தான். வாசலில் நின்ற ஜீப்பைச் சுற்றி வந்தான். முன்னால் நின்று ஒரு படம் எடுத்தான், பின்னால் நின்று ஒரு படம் எடுத்தான். போனில் யாரிடமோ குசுகுசுத்துவிட்டு உள்ளே வந்தான்.

"தவுக்கே, வண்டியைக் குடுக்கிறீங்களா? எங்க டத்தோ கேக்குறார்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்போம் என்று பூன் செங் சொன்னார்: "முப்பதாயிரம்."

"சரி."

"என்ன சரி?"

"முப்பதாயிரம் சரி. பதினஞ்சாம் தேதி டத்தோ வெளியூர்லேர்ந்து வந்துடுவார். அன்னிக்கு வீட்டுக்குக் கொண்டாங்க. அப்படியே கொண்டாங்க தவுக்கே, எதையும் தொட வேணாம்."

ஒரு வெள்ளிகூடக் குறைத்துக் கேட்கவில்லை. அங்கேதான் பூன் செங்குக்குச் சந்தேகம் வந்தது. குவாலா செப்பத்தாங் மீனவர்களிடம் அவரும் முப்பது வருஷமாக இதே வார்த்தையைத்தான் சொல்லிவருகிறார். "அப்படியே கொண்டாப்பா, நான் எடுத்துக்கிறேன்." மூட்டை கடைக்கு வந்து இறங்கிய பிறகு ஈரத்துக்கு ஐந்து கிலோ, மணலுக்கு இரண்டு கிலோ, தலை ஒடிந்ததற்கு ஒரு கிலோ என்று கழிப்பார். திருப்பித் தூக்கிப்போக மீனவனுக்குத் தெம்பிருக்காது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவான்.

அந்த வித்தையை அவரிடமேவா? டத்தோவுக்குக் கழிப்பதற்கு ஒரு குறைகூட மிச்சம் வைக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

"பதினெட்டு," என்றார் பாதங்களிடம்.

"இருபத்தஞ்சு தவுக்கே."

"பதினெட்டு. அதோட ஒன்பது அங்குலம்னு நீ சொல்றே. நான் அளக்கணும்."

அளந்தார். கடையிலிருந்து இரும்பு ஸ்கேலைக் கொண்டுவந்து, வேட்டைக்குப் போகிறவர்போல் தவழ்ந்து ஜீப்புக்கு அடியில் போய், டார்ச் அடித்து அளந்தார்.

"ஏழு."

"ஒன்பது. இங்க பாருங்க, மெலிசா போகுது."

"அது விரிசல் இல்ல. கோடு."

"கோடா?"

"கோடு. கோட்டுக்கெல்லாம் காசு குடுக்க முடியாது. ஏழு பதினெட்டு நூத்தி இருபத்தாறு. முடிச்சு வை."

சவரி ஸ்கேலைத் தள்ளி வைத்தான். ஏழு அங்குலத்துக்கு ஒழுங்காக வெல்டிங் வைத்தான். எட்டாவது அங்குலத்தில் நிறுத்திக்கொண்டான்.

மூன்றாம் நாள் ஜீப் கடைக்கு வந்தபோது கதவு அருமையாகச் சாத்திக்கொண்டது. திறக்கத்தான் மறுத்தது. அறுபத்து மூன்று வயதில் பூன் செங் ஜன்னல் வழியாக இறங்க வேண்டியதாயிற்று. முதலில் தலை, பிறகு தொப்பை, அதற்கப்புறம் கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. கடைசியில் பிடித்து இழுத்துவிட்டவன் லோ.

"வயசான காலத்துல ஏன் இந்தச் சர்க்கஸ்?" என்றான் லோ. "கடையை எனக்கு விட்டுட்டு நிம்மதியா வீட்டுல இருக்கலாம்ல."

பூன் செங் நேரே பட்டறைக்குப் போனார்.

"மோசக்காரா, என்ன வெல்டிங் வெச்சே நீ?"

"வெல்டிங் அப்படியேதான் இருக்கு, பாருங்க. எட்டாவது அங்குலத்துலேர்ந்து புதுசா கிளம்பியிருக்கு. இப்ப பதினாலு."

"மிச்சம் ரெண்டு அங்குலம் இருக்குன்னு தெரிஞ்சே விட்டியா?"

"நீங்கதான கோடுன்னீங்க. ஸ்கேலும் உங்களோடது." சவரி கையைத் துடைத்துக்கொண்டு முதன்முறையாக முகத்துக்கு நேரே வந்து நின்றான். "தவுக்கே, உண்மையைச் சொல்லட்டுமா? இரும்பு உள்ளாற செத்துப்போச்சு. விரலால குத்தினா பிஸ்கட் மாதிரி உதிருது. இதைத் தூக்கிப் போடுங்க."

"முப்பதாயிரத்தைத் தூக்கிப் போடச் சொல்றான்," என்றார் பூன் செங், பட்டறைச் சுவரைப் பார்த்து. "எல்லாரும் கேட்டுக்குங்க."

மேலே மூன்றடிக்கு இரும்புத் தகடு வைத்துப் பிடிக்கலாம் என்றான் சவரி. தகடு முந்நூறு வெள்ளி. அநியாயம். கடைக்குப் பின்னால் பழைய இரும்புத் தட்டு ஒன்று சும்மா கிடக்கிறதே, இருபது வருஷம் மீனுக்கு உப்புப் போட்ட தட்டு, நல்ல கனம். பூன் செங் அதைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து போட்டார். கூலி அறுநூற்று நாற்பதுக்குப் பேசி முடித்தார்.

சவரி தீயை வைத்ததும் அந்தத் தட்டு இருபது வருஷத்தையும் சேர்த்து வறுக்க ஆரம்பித்தது. தெருவில் பூனைகள் வந்தன. அடுத்த தெருவிலிருந்தும் வந்தன. அன்றிலிருந்து ஜீப் எங்கே நின்றாலும் அடியில் ஐந்தாறு பூனைகள் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தன.

அது பெரிய விஷயமில்லை. தட்டு கனமோ கனம். ஜீப் இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வண்டி ஓட்டும்போது பூன் செங் வலப்பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டியிருந்தது. எதிரே வந்தவர்கள் அவர் ஜன்னலில் துப்பப் போகிறார் என்று ஒதுங்கினார்கள்.

"பட்டை மாத்தணும்," என்றான் சவரி. "அடியில இருக்கிற வில்லுப் பட்டை தளர்ந்துபோச்சு."

"என்ன விலை?"

"புதுசு ஆயிரத்து இருநூறு."

"பழசு?"

"பழசு உங்க வண்டிக்குக் கிடைக்காது. மரம் ஏத்துற லாரியோடது ஒண்ணு உடைச்சுப் போட்டிருக்கான், நானூத்தி எண்பது. ஆனா வேணாம் தவுக்கே. அது வளையாது."

"வளையாட்டி நல்லதுதானே? வளைஞ்சதுனாலதானே இப்ப இந்தக் கதி?"

லாரிப் பட்டை வளையவில்லைதான். சந்தைக்கு முன்னால் இருக்கும் சின்னப் பாலத்து மேட்டில் ஏறி இறங்கியபோது, பட்டை வளையாததால் வேறு ஏதோ ஒன்று வளைய வேண்டியிருந்தது. முன்கண்ணாடி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு குறுக்கே பிளந்தது. கண்ணாடி முந்நூற்றைம்பது. அதை மாட்டும்போது சவரி கீழே குனிந்து பார்த்துவிட்டு ஸ்பேனரைத் தரையில் வைத்தான்.

"என்னடா?"

"வலப்பக்கம்."

"வலப்பக்கம் என்ன?"

"இடப்பக்கம் இறுகிப்போச்சுல்ல. இழுப்பெல்லாம் வலப்பக்கம் வந்துருச்சு. அங்க இருபத்தோரு அங்குலம்." கொஞ்சம் யோசித்து, ஆறுதலாக ஒன்று சொன்னான். "அளக்கிறதுன்னா அளந்துக்குங்க."

பூன் செங் அளக்கவில்லை. தேதி பதினொன்று ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் முழு நீளத்துக்குப் புதுத் தகடு, மொத்தமாக இரண்டாயிரத்து நானூறு. பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார். சவரிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நூறு வேணா குறைச்சுக்குங்க தவுக்கே," என்றான்.

"உன் தர்மம் எனக்கு வேணாம்," என்றார் பூன் செங்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டார். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. நாலாயிரம் என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு என்பது அவர்கள் வீட்டில் வாயால் சொல்லும் எண் இல்லை. சீனத்தில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஓசை; அது சாவு எண். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் மூன்றாம் மாடிக்கு மேல் ஐந்தாம் மாடிதான்.

மனைவி பெக் ஹூன் கஞ்சிக்குள் அவித்த முட்டையை உடைத்துப் போட்டபடி கேட்டாள்.

"கிழவா, அந்த ஜீப்பை எவ்வளவுக்கு வாங்கினே?"

"அது இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின கதை. ஏன்?"

"அறுநூறு வெள்ளி குறைச்சு வாங்கினேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே. எதுக்குக் குறைச்சான்?"

பூன் செங் கஞ்சிக் கிண்ணத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

"வாயைத் திற. எதுக்குக் குறைச்சான்?"

"நம்பருக்கு."

"நம்பருக்கு. எந்தச் சீனனும் தொட மாட்டேன்னு ஓடின நம்பரை அறுநூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டுத் தலையில கட்டிக்கிட்டு வந்தே. சாவை முன்னால ஒண்ணும் பின்னால ஒண்ணுமா மாட்டிக்கிட்டு, இப்ப இரும்பு உடையுது கண்ணாடி உடையுதுன்னு சவரி மேல பாயிறே. அவன் என்ன செய்வான்? நாளைக்கு அந்த டத்தோ கண்ணுல அந்த நம்பர் பட்டா அவரும் ஓடப் போறார்."

"அவர் மலாய்க்காரர். அவருக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது."

"வண்டிக்குத் தெரியுமா அவர் மலாய்க்காரர்னு? போற வழியில ரெண்டா உடைஞ்சா?"

இது பூன் செங் எதிர்பாராத வாதம். மறுநாள் காலை இருவரும் கோயில் சாமியாடியிடம் போனார்கள். சாமியாடி நாற்காலியில் ஆடிக்கொண்டே, பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, வண்டி எண்ணைக் கேட்டார்.

"நாலு, நாலு, ஒண்ணு, நாலு," என்றார் பூன் செங், ஒவ்வொன்றையும் இருமலுக்குள் மறைத்து.

ஆட்டம் சட்டென்று நின்றது. ஒரு நொடி சாமி இறங்கிப்போய் மனுஷன் பேசினார். "அப்படி ஒரு நம்பரை மாட்டிக்கிட்டு அந்த வண்டியிலயா இங்க வந்தீங்க? எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"வாசல்ல."

"எடுங்க. முதல்ல எடுங்க. நம்பரை மாத்திட்டு அப்புறம் வந்து கும்பிடுங்க."

காணிக்கை எண்பத்தெட்டு வெள்ளி.

புது எண் வாங்குவது லேசான காரியமில்லை. நல்ல எண்ணெல்லாம் ஏலத்தில் போயிருந்தது. புரோக்கர் ஒருவனைப் பிடித்து, மிச்சம் மீதியில், சீனர்களுக்கு ராசியான எட்டு இருக்கிற எண் ஒன்றைத் தேற்றி, அவன் கூலியும் அரசாங்கக் கட்டணமும் சேர்த்து இரண்டாயிரம். பதிவு அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் பாரத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், புது நம்பர் போட்டா பழையது ரத்தாயிடும். அப்புறம் வேணும்னு வந்தா கிடைக்காது."

"எனக்கா?"

"யாருக்குமே. அழிஞ்சது அழிஞ்சதுதான்."

"ரொம்ப நல்லது," என்றார் பூன் செங். பத்து நாளில் முதன்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "இன்னொருத்தன் கஷ்டப்பட வேணாம். நல்லா அழுத்தி அழிம்மா."

எண்ணை மாற்றிய அன்றைக்கு ஜீப் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. கதவு சாத்தியது, திறந்தது. பாலத்து மேட்டில் ஏறி இறங்கியது. பெக் ஹூன் ஒன்றும் சொல்லாமல் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் ஒன்றும் சொல்லாதது பூன் செங்குக்கு அதுவரை ஆன ஆறாயிரத்து எண்பத்து நாலு வெள்ளி மறுபடியும் செலவானதுபோல் இருந்தது.

பதினைந்தாம் தேதி காலை குவாலா கங்சாருக்குக் கிளம்பினார். வழியெல்லாம் டத்தோவோடு மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டே போனார். கதவு? திறந்து பாருங்க. சேஸ்? படுத்துப் பாருங்க. கண்ணாடி? புதுசு. எதற்குக் கழிப்பீர்கள்? ஒரு வெள்ளி கழியுங்கள் பார்ப்போம்.

டத்தோவின் வீட்டு வாசலில் நீளக் கொட்டகை. அதில் எட்டு வண்டிகள், சுவரைப் பார்த்து மூக்கை வைத்து, ஒன்றையொன்று விலை கேட்கும் பளபளப்பில் நின்றன. மூன்றாவது வண்டிக்கு அடுத்து ஓரிடம் மட்டும் கூட்டிப் பெருக்கிக் காலியாக இருந்தது. அந்தக் கூட்டத்தின் நடுவில் தன் ஜீப்புக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பூன் செங்குக்கு அந்தக் காலியிடத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. யாரையும் கேட்காமல் அந்த இடத்தில் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

ரம்லான் சிரித்த முகத்தோடு வந்தான். ஜீப்பின் பின்னால் வந்து நின்றான். சிரிப்பு நின்றது. முன்னால் போனான். மறுபடி பின்னால் வந்தான்.

"தவுக்கே, என்ன இது?"

"எல்லாம் புதுசு. கேளு, சொல்றேன்."

ரம்லான் கேட்கவில்லை. வீட்டுக்குள் ஓடினான். கால் மணி நேரம் கழித்து ஒரு சின்ன நோட்டோடு திரும்பி வந்தான். யாரிடமோ நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட முகம்.

"டத்தோ வேணாம்னுட்டார்."

பூன் செங்குக்கு உண்மையில் நிம்மதியாகத்தான் இருந்தது. பேரம் ஆரம்பித்துவிட்டது.

"எவ்வளவு குறைக்கணுமாம்?"

"குறைக்கல்லாம் சொல்லல. வேணாம்கிறார்."

"அந்தப் பேச்செல்லாம் நான் மீன்காரன்கிட்ட பேசுறது. வண்டியில என்ன குறை? சொல்லு. படுத்துப் பாரு. ரெண்டு பக்கமும் புதுத் தகடு, லாரிப் பட்டை. யானை ஏறினாலும் தாங்கும். இங்க பாரு."

ஏறிக் காட்டினார். பின் பம்பரில் இரண்டு காலையும் வைத்து, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை குதித்தார். தாங்கியது. "பார்த்தியா?" என்று இரண்டாவது தடவை குதித்தார். தகடு தாங்கியது, பட்டை தாங்கியது, சவரியின் வெல்டிங் ஒவ்வோர் அங்குலமும் தாங்கியது. தகடு முடிந்து பழைய இரும்பு தொடங்கும் ஒரே ஓர் இடம் தாங்கவில்லை. கட்டில் உடைவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ஜீப் நடுவில் மடிந்து, எட்டு வண்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தது. பூன் செங்கும் உட்கார்ந்தார்.

பூன் செங் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். முப்பது வருஷ வியாபாரத்தில் எந்த மூட்டை ஒழுகினாலும் அவர் விலையைப் பேசாமல் விட்டதில்லை.

"சரி, இதுக்குக் கழிச்சுக்க. ஐயாயிரம். போ, பத்தாயிரம். டத்தோவை வெளிய வரச் சொல்லு. முப்பதாயிரம் எதுக்குப் போட்டாரு, இப்ப எதுக்குக் கழிக்கிறாரு, வரி வரியா எனக்குக் கணக்குத் தெரியணும். வியாபாரின்னா கணக்குச் சொல்லணும்."

ரம்லான் தயங்கினான். நோட்டைப் பிரித்தான். வாசித்தான்.

"இங்க நிக்கிற வண்டியெல்லாம் 4411லேர்ந்து 4419 வரைக்கும் வரிசையா இருக்கு, நடுவுல உங்க 4414 ஒண்ணுதான் குறைஞ்சுது, சொன்னா மூணு லட்சம் கேப்பீங்கன்னு டத்தோ சொல்ல வேணாம்னுட்டார்: நம்பருக்கு முப்பதாயிரம், வண்டிக்கு ஒண்ணுமில்ல, அதைப் பழைய இரும்புக்கடைக்கு இழுத்துட்டுப் போற கூலி நூத்தி இருபது, இப்ப நம்பர் இல்லாததால, தவுக்கே, நீங்கதான் எங்களுக்கு நூத்தி இருபது வெள்ளி தரணும்."